சோளிங்கர் முதல் ஆம்பூர் வரை: குடும்பத்தோடு இரு நாள்

விடுமுறை வந்துவிட்டால் நம் பங்குக் குடும்பங்கள் வேளாங்கண்ணிக்கோ ஊட்டிக்கோ புறப்பட்டுவிடுகின்றன. சென்னையிலிருந்து காட்பாடி வழியாகச் செல்லும் இரயிலில் எத்தனையோ முறை பயணம் செய்தும், அந்தப் பாதையின் இருபுறமும் உள்ள ஊர்களில் இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு. பாலாற்றின் கரையில் வாழும் நாங்கள், எங்கள் பகுதியைக் காண வருவோர்க்கு எதைக் காட்டுவோம், எதை உண்ணச் சொல்லுவோம் என்பதை இங்கே எழுதுகிறோம். ஒரு சனியும் ஒரு ஞாயிறும் இருந்தால் போதும்.

சோளிங்கர்

பயணத்தைச் சோளிங்கரில் தொடங்குதல் நன்று. 2019-இல் வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபின் இவ்வூர் இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது. சோழசிங்கபுரம் என்ற பெயரே சோளிங்கர் என மருவியதாகக் கூறுவர். இரயிலில் வருவோர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும்: சோளிங்கர் இரயில் நிலையம் ஊருக்குள் இல்லை, பாணாவரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பேருந்தில்தான் ஊருக்கு வர வேண்டும்.

வைணவர்களின் 108 திவ்விய தேசங்களுள் ஒன்று இவ்வூர். பேயாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய திருக்கடிகை இதுவே. கடிகை என்பது 24 நிமிடம் கொண்ட ஒரு நாழிகை. ஒரு நாழிகை இம்மலையில் தங்கினாலே நற்கதி கிட்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. பெரிய மலையில் யோக நரசிம்மர் கோயிலுக்கு 1,305 படிகள். எதிரே சின்ன மலையில் ஆஞ்சநேயர் கோயிலுக்கு 406 படிகள். முதியோர் ஏற இயலாது வருந்திய காலம் போய், 2024 மார்ச் மாதத்திலிருந்து பெரிய மலைக்குக் கம்பிவட ஊர்தி செல்கிறது.

நாம் கத்தோலிக்கர், அங்கே நமக்கென்ன வேலை என்று சிலர் கேட்கலாம். பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் உள்ள எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தெளிவாகவே கூறியுள்ளது. வழிபாட்டில் கலந்துகொள்ளச் செல்லாவிடினும், அயலாரின் பக்தியை மரியாதையோடு காண்பது நமக்குக் குறைவன்று. மனநோயுற்ற தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எத்தனையோ பெற்றோர் இங்கே வருகின்றனர். குளத்தில் நீராட்டி, படியில் அமர்ந்து காத்திருக்கின்றனர். அவர்களை வேடிக்கை பார்க்கலாகாது என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நம் திருத்தலங்களிலும் அதே கண்ணீர்தான் சிந்தப்படுகிறது.

காலை ஆறு மணிக்கே மலையேறுவது நலம். வெயில் ஏறிவிட்டால் கல் படியில் கால் வைக்க முடியாது. கார்த்திகை மாதத்தில் கூட்டம் மிகுதி. மலையில் குரங்குகள் ஏராளம். பழமோ தின்பண்டமோ கையில் வெளிப்படையாக இருத்தல் ஆகாது. இறங்கி வந்தபின் ஊருக்குள் இட்லியும் பொங்கலும் வடையும் உண்ணுங்கள். கோயிலைச் சார்ந்த ஊராதலால் இங்கே மரக்கறி உணவே சிறப்பு. அசைவத்துக்கு அவசரப்பட வேண்டாம். அதற்குரிய ஊர்கள் வழியிலேயே வருகின்றன.

1781 செப்டம்பர் 27 அன்று ஐதர் அலியின் படையும் ஐர் கூட்டின் கம்பெனிப் படையும் மோதியது இந்தச் சோளிங்கரை அடுத்துத்தான். வரலாற்றில் விருப்பமுள்ள இளைஞர்கள் இரண்டு இடங்களைத் தவறவிடக் கூடாது. ஒன்று, மகேந்திரவாடி. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் தனியாக நின்ற ஒரே பாறையைக் குடைந்து திருமாலுக்கு அமைத்த சிறு கோயில் அங்கே உள்ளது. மற்றொன்று, பொன்னையாற்றங்கரையிலுள்ள மேல்பாடி. தன் பாட்டனார் அரிஞ்சயச் சோழனின் நினைவாக முதலாம் இராசராசன் எடுப்பித்த பள்ளிப்படைக் கோயில் அங்கே அமைதியாக நிற்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய பேரரசன் தன் பாட்டனாரை மறக்கவில்லை என்பதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் இல்லை.

ஆற்காடும் இராணிப்பேட்டையும்

பிற்பகலில் வாலாஜாபேட்டை வழியாக ஆற்காடு செல்லலாம். தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856-இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்தது இந்த வாலாஜா நிலையத்துக்கே. ஆற்காட்டில் நவாபுகளின் கோட்டை அழிந்து போயிற்று. பாலாற்றங்கரையில் தில்லி வாசல் மட்டும் எஞ்சியுள்ளது. 1751-இல் இராபர்ட் கிளைவ் இங்கே முற்றுகையிடப்பட்டிருந்தபோது, இந்தியச் சிப்பாய்கள் சோற்றை வெள்ளையருக்குக் கொடுத்துவிட்டு, வடித்த கஞ்சியைத் தாங்கள் குடித்ததாக மெக்காலே எழுதினார். உண்மையோ கதையோ, பசியறிந்தவர்கள்தான் பகிர்ந்துண்ண அறிவார்கள்.

ஆற்காட்டில் உண்ண வேண்டியது மக்கன் பேடா. கோவாவையும் மைதாவையும் வெண்ணெய் சேர்த்துப் பிசைந்து, உள்ளே முந்திரி, பாதாம் முதலியவற்றை வைத்துத் தட்டையாக உருட்டி, பொரித்துச் சர்க்கரைப் பாகில் ஊற வைப்பார்கள். பார்வைக்குக் குலாப் ஜாமூன் போலிருக்கும். வாயிலிட்டால் வேறுபாடு தெரியும். ஆளுக்கு ஒன்று போதும். சர்க்கரை நோயுள்ள தாத்தா பாட்டிக்குப் பாதியே மிகுதி.

வேலூர்

இரவு வேலூரில் தங்கி, ஞாயிறு காலையில் விண்ணேற்பு அன்னை பேராலயத்தில் திருப்பலி காணுங்கள். வேலூர் மறைமாவட்டம் 1952-இல் உருவாயிற்று. பின்னர் கோட்டைக்குச் செல்லுங்கள். அகழி சூழ்ந்த அந்த ஒரே கோட்டைக்குள் சலகண்டேசுவரர் கோயிலும் மசூதியும் புனித யோவான் ஆலயமும் இருக்கின்றன. கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களைப் பார்க்க ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். பல நூற்றாண்டுகள் மூலவர் இன்றி இருந்த அக்கோயிலில் 1981-இல்தான் மீண்டும் இலிங்கம் நிறுவப்பட்டது.

1806 ஜூலை 10 அன்று இக்கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். நெற்றிக் குறியும் தாடியும் தடுக்கப்பட்டதோடு, தோலால் ஆன சின்னம் பொருத்திய புதிய தலைப்பாகை சுமத்தப்பட்டதும் அதற்குக் காரணம். ஒருவருடைய சமய உணர்வை மிதிப்பது என்ன விளைவைத் தரும் என்பதற்கு இக்கோட்டை சான்று.

1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே படுக்கையுடன் தொடங்கிய மருத்துவமனைக்கு இன்று வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வந்து தங்குகின்றனர். ஆகவே அதைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்க எழுத்துப் பலகைகளும் வங்கச் சாப்பாட்டுக் கடைகளும் நிறைந்துள்ளன. கடுகெண்ணெயில் சமைத்த மீன் குழம்பும் சோறும் உண்டு பார்க்க விரும்புவோர் கல்கத்தாவுக்குப் போக வேண்டியதில்லை.

ஆம்பூர்

ஞாயிறு நண்பகல் விருந்து ஆம்பூரில். 1749-இல் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் போரில் வீழ்ந்த ஊர் இது. ஆற்காட்டு நவாபுகளின் சமையற்கூடத்திலிருந்து பிரியாணி இங்கு வந்ததாகச் சொல்லுவர். சீரகச் சம்பா அரிசியை முக்கால் பதம் வேக வைத்து வடித்து, ஊற வைத்தரைத்த காய்ந்த மிளகாய் விழுது சேர்ந்த ஆட்டிறைச்சியோடு கலந்து, மூடியின்மேல் தணலிட்டுத் தம் போடுவர். மசாலை அடக்கமாக இருக்கும். அரிசியும் இறைச்சியும்தான் பேச வேண்டும். கூடவே கத்தரிக்காய்த் தொக்கும் வெங்காயத் தயிர்ப்பச்சடியும் வரும். வேலூரின் முள் கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை எண்ணெயில் வதக்கிப் புளி சேர்த்தால் அதற்கு ஈடில்லை.

நண்பகலிலேயே சென்றுவிடுங்கள், நல்ல கடைகளில் சட்டி விரைவில் காலியாகிவிடும். தவக்காலத்திலும் வெள்ளிக்கிழமைச் சுத்தபோசன நாளிலும் இப்பயணத்தை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. இரமலான் மாதத்தில் வந்தால் மாலையில் பள்ளிவாசல்களில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியைக் காணலாம். ஒருசந்தி இருக்கும் நமக்கு நோன்பிருப்போரின் பசி புரியாத ஒன்றன்று.

தட்டுக்கு அப்பால்

சுவையை மட்டும் சொல்லி நிறுத்தினால் நாங்கள் பாதி உண்மையே சொன்னவர்களாவோம். இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகியவை தோல் ஊர்கள். முன்னாளில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிட்டனர். 1970-களுக்குப் பின் குரோமிய உப்பு பரவலாயிற்று. வேலை வேகமாயிற்று, நாட்டிற்கு அந்நியச் செலாவணியும் வந்தது. ஆனால் கழிவுநீர் நிலத்தில் இறங்கிப் பல சிற்றூர்களில் கிணறுகள் உப்பாயின. தென்னையும் நெல்லும் பட்டன. 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது இப்பகுதி மக்கள் தொடுத்த வழக்கில்தான். 2025 சனவரியிலும் அதே நீதிமன்றம் பாலாற்றைக் காக்க மீண்டும் ஆணையிட வேண்டியதாயிற்று.

2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்பு நாடி வந்தவர்கள். ஆம்பூர்த் தெருக்களில் நடக்கும்போது திண்ணையில் அமர்ந்து காலணியின் மேல்தோலைத் தைக்கும் பெண்களைக் காண்பீர்கள். சோடிக்கு இவ்வளவு என்று கிடைக்கும் சிறு கூலியில்தான் அவ்வீட்டில் உலை கொதிக்கிறது. இத்தொழிலை மூடிவிடுங்கள் என்று சொல்வது எளிது. எங்கள் பங்குகளிலும் இதனால் உண்போர் பலர் உள்ளனர். நீரையும் காத்து, உழைப்பவர் உயிரையும் காத்து நடத்துங்கள் என்பதே நாங்கள் கேட்பது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்ற திருமடலும், பூமியின் கூக்குரலும் ஏழையின் கூக்குரலும் ஒன்றே என்றுதான் கூறியது.

ஆகவே, அன்பு வாசகர்களே, வாருங்கள், மலையேறுங்கள், பேடாவும் பிரியாணியும் உண்ணுங்கள். ஆம்பூரிலிருந்து திரும்பும்போது பாலாற்றுப் பாலத்தில் வண்டியைச் சற்று நிறுத்திப் பிள்ளைகளுக்கு அந்த மணற்பரப்பைக் காட்டுங்கள். அவர்கள் காலில் அணிந்துள்ள செருப்புக்கும் இந்த ஆற்றுக்கும் உள்ள உறவைச் சொல்லுங்கள். மாலைச் செபத்தில் இந்த ஊர்களின் தொழிலாளர்களுக்காக ஓர் அருள்நிறை மந்திரம் சேர்த்துக்கொண்டால், உங்களை விருந்தினராக வரவேற்ற எங்களுக்கு அதுவே நிறைவு.