கால் அங்குலம்

அமெரிக்கப் பெண்களின் ஒட்டுத்துணிப் போர்வைகளில் 'ஓஹையோ நட்சத்திரம்' என்பது பழமையான கட்டங்களுள் ஒன்று. மகள் வீட்டில் தங்கியிருந்த நாட்களில் அதைக் கற்றுக்கொண்டேன். 12 அங்குலக் கட்டத்திற்கு 4½ அங்குலச் சதுரங்கள் 5 வேண்டும்: நடுவில் ஒன்று, மூலைகளில் நான்கு. அடுத்து, 5¼ அங்குலச் சதுரங்களை நிறத்திற்கு இரண்டாக, இரு நிறங்களில் எடுத்து, ஒவ்வொன்றையும் மூலைக்கு மூலை குறுக்காக இருமுறை வெட்டினால் 16 முக்கோணங்கள் கிடைக்கும். அவற்றை நிறம் மாற்றி நான்கு நான்காக இணைத்தால் நட்சத்திரத்தின் முனைகள் அமையும். குறுக்காக வெட்டிய ஓரம் எளிதில் நெகிழும். இழுக்காமல் தைக்க வேண்டும்.

உம்மா விட்டுச்சென்ற சேலைகள் இரண்டு. பெண்மக்கள் நாங்கள் மூவர். பங்கீட்டுப் பேச்சில் மனங்கள் கசந்துவிடுமோ என அஞ்சி, அவற்றை இவ்வாறு தைக்கலாம் என்றேன்.

"உம்மா சேலையில் கத்தரிக்கோல் வைப்பதா?" என்று ராத்தா கண்கலங்கினார். வேறு துணியில் தைத்த மாதிரியைத் தடவிப் பார்த்த பின்னரே இசைந்தார். இப்போது இரு சேலைகளும் மூன்று வீடுகளிலும் இருக்கின்றன.

இத்தையலில் ஒவ்வொரு துண்டும் எல்லாப் பக்கங்களிலும் கால் அங்குலத்தை உள்ளே விட்டுக்கொடுக்கிறது. அது கூடினால் முனை மழுங்கும். குறைந்தால் துண்டுகள் பொருந்தா. எவர் கண்ணிலும் படாத அந்தக் கால் அங்குலமே கட்டத்தைத் தாங்குகிறது. உடன்பிறந்த நாங்களும் அவ்வாறே இணைந்திருக்கிறோம்.