பழைய மரக்காலை வளவு

புரட்டாதி 9, கோப்பாய்

கனடாவில் இருந்து வந்திருக்கும் மச்சான் வீடு கட்டக் காணி பார்த்திருக்கிறார். முன்பு மரக்காலை இருந்த வளவு. பனங்கைமரம், வளை, சிலாகை எல்லாம் அறுத்து, கறையான் அரிக்காமல் மருந்தில் தோய்த்து விற்ற இடம். "அத்தான், உறுதியில பிழையில்லை. கிணறும் இருக்கு, தண்ணி கண்ணாடி மாதிரி" என்றார். அந்தத் தெளிவை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

சுன்னாகம் இங்கிருந்து வடமேற்கே ஐந்தாறு கிலோமீற்றர்தான். அங்கே மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. 2015 தொடக்கத்தில் சனம் வீதிக்கு இறங்கியது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று சொல்லி, அங்கே மின் உற்பத்தி செய்த நோதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்தவேண்டும் எனத் தீர்த்தது. எண்ணெய் நீரிலும் இலேசானது. மேலே மிதந்து வாளியில் ஏறியது, மணத்தது. மரக்காலை நஞ்சு அப்படிக் காட்டிக்கொடுக்காது.

புரட்டாதி 10

மர மருந்துகளைப் பற்றி இரவிரவாக வாசித்தேன். 1933இல் தேராதூனில் சொந்தி காமேசம் உருவாக்கிய செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலவை உலகெங்கும் பரவியது. நீரில் கரைந்த ஆர்செனிக்குக்கு நிறமில்லை, மணமில்லை. குடிநீரில் லீற்றருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்ற இன்னும் செறியும். கிரியோசோட் என்ற மர மருந்து வேறு சாதி. நிலக்கரித் தாரில் இருந்து வருவது, நீரிலும் பாரமானது. சுன்னாகத்து எண்ணெய் போல மிதக்காமல் அடிக்கு இறங்கிக் கல் வெடிப்புகளில் தங்கிவிடும்.

கீழே இருப்பது சுண்ணக்கல் என்பதுதான் எனக்குப் பெரிய பயம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறில்லை. மாரி மழை கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, கடல் நீருக்கு மேலே நன்னீராகத் தங்குகிறது. நவக்கிரி நிலாவரையில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் பெரும்பாலும் அந்த மேல் நீரையே நம்பியிருக்கிறோம். உரத்தாலும் மலசலகூடக் குழிகளாலும் ஏற்கெனவே நைத்திரேற்று ஏறிய நீர் அது.

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்துக் கெயின்ஸ்வில் நகரிலும் அடியில் சுண்ணக்கல். அங்கே 1916 முதல் மரத்துக்கு மருந்தேற்றிய ஆலையை 1980களிலேயே கூட்டரசின் துப்புரவுப் பட்டியலில் சேர்த்தார்கள். 2009இல் ஆலை மூடிய பிறகும் துப்புரவு முடியவில்லை.

புரட்டாதி 13

அந்த மரக்காலையில் வேலை செய்த பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வளவுக்குப் போனோம். இன்றைய நாளின் பயனெல்லாம் அவரால்தான். "தொட்டி உதிலைதான் இருந்தது தம்பி. தோய்ச்ச மரத்தை அந்த வேலிப் பக்கம் சாய்ச்சு வைப்பம், வடிஞ்சு காயும்." பிறகு கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு மேட்டைக் காட்டினார். துண்டு மரங்களை எரித்த இடமாம். சாம்பலை அக்கம்பக்கத்தார் கத்தரிப் பாத்திக்கு அள்ளிப் போவார்களாம். எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஆர்செனிக் மருந்து ஏறிய மரம் எரிந்தால் நஞ்சு சாம்பலில் செறிந்து நிற்கும்.

வளவு முழுக்க அங்கொரு பிடி இங்கொரு பிடியாக மண் அள்ளிக் கலந்து சோதித்தால் ஒன்றும் தெரியாது. தொட்டியடி, மரம் வடிந்த நிலம், சாம்பல் மேடு, மூன்றையும் தனித்தனியே எடுக்க வேண்டும். மேலிருந்து கல் தட்டும் வரை ஆழம் ஆழமாக எடுக்க வேண்டும். செம்பாட்டு மண்ணின் இரும்பு ஆர்செனிக்கைப் பிடித்து வைக்கும். அதனால் மேல் மண்ணிலேயே அது நிற்கக்கூடும். ஆறு வலுவுள்ள குரோமியத்தை அவ்வளவாகப் பிடிக்காது, அது நீரோடு போய்விடக்கூடும். கல் மேலே வந்திருக்கும் இடத்தில் எதையும் மறிக்க மண்ணில்லை.

புரட்டாதி 16

தண்ணீர் எடுத்தோம். மண்ணெண்ணெய் இயந்திரத்தால் இறைக்க விடவில்லை, அதன் எண்ணெயே மாதிரியில் கலந்துவிடும். கழுவிய வாளியால் அள்ளினோம். எண்ணெய்ச் சோதனைக்குக் கண்ணாடிப் போத்தல், உலோகங்களுக்கு நைத்திரிக் அமிலம் விட்ட பிளாஸ்ரிக் போத்தல். அயல் கிணறுகளிலும் எடுத்தோம். நீர் காணி எல்லை பார்த்து ஓடுவதில்லையே.

ஆய்வுகூடத்தில் "குடிக்கலாமோ?" என்று மட்டும் கேட்டால் வழக்கமான சோதனைகளைத்தான் செய்வார்கள். ஆர்செனிக், குரோமியம், செம்பு, பென்ராகுளோரோபீனோல் என்ற மர மருந்து, தார் சேர்மங்கள் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மாரிக்கு முன் எடுத்தது பாதிதான். மழை நிலத்தைக் கழுவி இறங்கிய பின், தையில் இன்னொரு முறை எடுக்க வேண்டும்.

மச்சானுக்குச் சொல்லிவிட்டேன்: இரண்டு அறிக்கையும் வரும்வரை முற்பணம் கொடுக்க வேண்டாம், அந்தக் கிணற்றில் ஒரு மிடறும் குடிக்க வேண்டாம். சாம்பல் அள்ளிய அயலவர்களிடமும் போய்ச் சொன்னோம்.

பிரதேச சபைக்கு இன்று ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். மரக்காலை, வாகனத் திருத்துமிடம், எரிபொருள் நிலையம் இருந்த காணிகளுக்கு ஒரு பதிவேடு வையுங்கள். அங்கே வீடு கட்ட அனுமதி கேட்பவரிடம் மண், நீர் அறிக்கை கேளுங்கள். உங்கள் ஊரிலும் அப்படியொரு வளவு இருந்தால், அங்கே வேலை செய்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே போய்க் கேட்டு எழுதி வையுங்கள்.