ஆசிரியர் கிராமத்தில் ஓர் அந்திப்பொழுது

தெருக்களுக்கு அரசர் பெயரையும் தலைவர் பெயரையும் இடுவதே உலகிற் பெருவழக்கு. பிலிப்பைன்ஸ் நாட்டிலே, மணிலாவை அடுத்துள்ள கேசோன் நகரில், நற்குணங்களின் பெயர் பூண்ட தெருக்கள் பலவுள்ள ஒரு பகுதி இருக்கின்றது. ஒரு தெருவின் பெயர் 'மலிங்காப்'. பரிவுடைமை என்று பொருள்படும். மற்றொன்று 'மதாஹிமிக்', அது அமைதியுடைமை. இன்னுமொன்று 'மபக்கவங்கவா', அது ஈகை. வள்ளுவர் தம் அதிகாரங்களுக்கு இட்ட தலைப்புக்களைப் பலகையில் எழுதித் தெருமுனைகளில் நாட்டிவிட்டனரோ என நாம் வியந்தோம். அப்பகுதியின் பெயரும் எமக்கு உவப்பளித்தது. ஆசிரியர் கிராமம் என்பதே அது.

இக்கிராமத்தின் ஊடே செல்லும் 'மகின்ஹாவா' என்னும் வீதி சிற்றுண்டிச் சாலைகளுக்குப் பெயர்பெற்றது. துன்பம் நீங்கிச் சுகமாயிருத்தலை அச்சொல் குறிக்கும். பெயருக்கேற்ற வீதிதானா என்பதை ஒரு மாலைப்பொழுதில் நடந்தே அறிந்துவிடுவது எனத் துணிந்தோம். மார்கழி விடுமுறையில் அங்கு சென்றிருந்த நாம் நால்வர், நால்வரும் ஆசிரியர், இருவர் சைவ உணவினர். வழிகாட்ட வந்தவரும் அவ்வூர்ப் பள்ளி ஆசிரியை ஒருவரே.

இவ்வீதிக்கு உணவுச்சிறப்பு வந்த வரலாறு எளிது. கேசோன் நகரம் 1939ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. 1908ஆம் ஆண்டில் மணிலாவிலே தொடங்கிய பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகம், உலகப்போருக்குப் பின்னர் 1949ஆம் ஆண்டளவில், இந்நகரைச் சேர்ந்த டிலிமான் என்னுமிடத்துக்குப் பெயர்ந்தது. பல்கலைக்கழகம் வந்தால் ஆசிரியர் வருவர், மாணவர் வருவர், மாணவர் வந்தால் பசியும் உடன்வரும். ஆசிரியர்களுக்கென வகுத்த குடியிருப்பின் வீடுகள் சில முன்னறையைச் சமையற்கூடமாக்கின, முற்றத்தில் மேசையிட்டன. இன்று மாளிகை போன்ற உணவகங்களைக் காட்டிலும், பத்துப்பேர் அமர்ந்தால் நிறைந்துவிடும் கடைகளே இவ்வீதிக்கு அழகு செய்கின்றன.

ஐந்தரை மணியளவில் ஞாயிறு மறைந்தது. தெருவோரத்துத் தாச்சிகளில் எண்ணெய் கொதிக்கத் தொடங்கியது. 'சபா' என்னும் வாழையின் காயைப் பழுப்புச் சீனியுடன் பொரித்து, மூங்கிற் குச்சியிற் கோத்து விற்றுக்கொண்டிருந்தனர். உருகிய சீனி காயின்மேற் கண்ணாடிபோற் படிந்திருந்தது. அதே வாழையோடு பலாச்சுளைக் கீற்றையும் வைத்து மெல்லிய மாத்தகட்டிற் சுருட்டிப் பொரித்தால் அதற்குத் 'துரோன்' என்று பெயர். வாழையும் பலாவும் எம் முற்றத்து மரங்களேயாயினும், இவ்விதம் அவை கூடியதை நாம் முன்பு கண்டதில்லை.

அடுத்துச் சென்றது ஒரு 'கரிந்தேரியா'. கூலித் தொழிலாளரும் மாணவரும் உண்ணும் எளிய சோற்றுக்கடை அது. எம் 'கறி' என்ற சொல்லின் அடியாகவே அப்பெயர் பிறந்தது என்பர். 1762ஆம் ஆண்டிற் சென்னைப் பட்டினத்திலிருந்து புறப்பட்ட ஆங்கிலப் படை மணிலாவைக் கைப்பற்றி 1764 வரை வைத்திருந்தது. அதிற் சென்ற சிப்பாய்களுட் சிலர் ஊர் திரும்பாமல், மணிலாவுக்குக் கிழக்கேயுள்ள கைந்தா என்ற ஊரில் தங்கி, அந்நாட்டுப் பெண்களை மணந்து வாழ்ந்தனர் என்பது வரலாறு. பெயர் தெரியாத அம்மனிதர் விட்டுச்சென்ற சொல்லாயின் அஃது எத்துணை நீண்ட பயணம்!

இக்கடைகளில் உணவுப்பட்டியல் இல்லை. சட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். வேண்டியதை விரலாற் சுட்டினாற் போதும். 'துரோ துரோ', அதாவது 'சுட்டு, சுட்டு' என்றே இம்முறைக்குப் பெயர். எழுத்தறியாதவனும் பிறமொழியாளனும் இங்கே வெட்கமின்றி உண்ணலாம். வினாகிரியில் வேகவைத்த 'அதோபோ' இறைச்சியும், புளியங்காய் சேர்த்த 'சினிகாங்' என்னும் புளிச்சாறும் எங்கும் உண்டு. எம் இரசத்தைப் போன்று அச்சாறும் நாவைத் தட்டியெழுப்புவது. ஆனால் சைவ உணவினர் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும்: மரக்கறிச் சட்டியிலும் மீன்சாறோ இறாற் கூழோ கலந்திருத்தல் இயல்பு. கேட்டறிந்தே உண்ணல் தகும். எம் இருவருக்கும் கடைக்கார அம்மையார் சோறும், பொரித்த சோயாக் கட்டியும், பப்பாசிக்காய் ஊறுகாயும் தந்தார். அந்த ஊறுகாய்க்கு அவர்கள் வழங்கும் பெயர் 'அத்சாரா'. எம் அச்சாற்றின் உடன்பிறப்பென்று சொல்லவும் வேண்டுமோ!

அடுத்த மேசையில் முச்சக்கர வண்டியோட்டி ஒருவர் உண்டுகொண்டிருந்தார். எம்மைக் கண்டதும் தம் தட்டைச் சிறிது முன்தள்ளி, "கா-இன் தாயோ" என்றார். 'வாருங்கள், உண்போம்' என்பது அதன் பொருள். முன்பின் அறியாத எம்மை ஏன் அழைக்கிறார் என ஆசிரியையிடம் வினவினோம்.

"இங்கே ஒருவர் உண்ணும்போது அருகில் வருபவரை அழைத்தே தீரவேண்டும். நன்றி சொல்லி மறுப்பது முறை. ஆனால் மெய்யாகவே பசித்தவர் வந்தால், அந்த அழைப்பு வெறும் சொல்லாக நின்றுவிடக் கூடாது" என்றார் அவர்.

இது நெஞ்சில் நிற்க, ஒரு கோப்பிக் கடையுட் புகுந்தோம். மாணவர் புத்தகம் விரித்துப் படித்துக்கொண்டிருந்தனர். பலர் கையிலும் ஊதா நிறப் பானமோ பலகாரமோ இருந்தது. 'ஊபே' என்று அதைச் சொன்னார்கள். ஒரு கரண்டி உண்டதும் எம்முள் ஒருவர், "இஃது எங்கள் இராசவள்ளிக் கிழங்கல்லவா!" என்று கூவிவிட்டார். உண்மையும் அதுவே. யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பாலும் சீனியும் இட்டுக் களியாகக் காய்ச்சும் அதே கிழங்கை, அவர்கள் பாலோடு கிண்டி இனிப்பாக்குகின்றனர். ஐஸ்கிறீமிலும் கேக்கிலும் கோப்பியிலும் சேர்க்கின்றனர். எம் வீட்டுப் பிள்ளைகள் பலர் பெயரும் அறியாத கிழங்கு, அங்கே இளைஞரின் பெருவிருப்பமாக விளங்குகின்றது.

வெளியே வந்தபோது ஆவி பறக்கும் மூங்கிற் குழல்கள் கண்ணில் பட்டன. ஊதா அரிசிமாவைக் குழலில் அவித்து, தேங்காய்ப்பூவும் சருக்கரையும் தூவித் தருவது 'பூத்தோ பும்போங்'. குழற்பிட்டைக் கண்டவருக்கு வேறு விளக்கம் வேண்டா. டிசம்பர் 16 முதல் ஒன்பது நாள், விடியுமுன் தேவாலயஞ் சென்று வழிபட்டபின் இதனை உண்பது அவர்கள் வழக்கம். திருவெம்பாவைக் காலத்து விடியலை அறிந்த எமக்கு அக்குளிரும் அவ்வாவியும் அந்நியமாகத் தோன்றவில்லை.

இறுதியாகக் கஞ்சிக்கடை. இஞ்சி மணக்கும் அரிசிக் கஞ்சியை அவர்கள் 'லுகாவ்' என்பர். ஏழைக்கும் நோயாளிக்கும் உற்ற உணவு அது. கிண்ணத்தைக் கையில் ஏந்தியபடி ஆசிரியை ஒரு செய்தி சொன்னார். கொரோனாக் கொள்ளைநோயினால் 2021 மார்ச் 29ஆந் திகதி மணிலாப் பெருநகரும் அயல் மாகாணங்களும் மீண்டும் அடைக்கப்பட்டன. அந்நாட்களிற் புலாகான் மாகாணத்தில், கஞ்சி கொண்டுசென்ற ஒரு விநியோகத் தொழிலாளியை ஊர் அலுவலர் மறித்து, கஞ்சி அத்தியாவசியப் பொருளன்று என வாதாடினார். அக்காட்சி நாடெங்கும் பரவிற்று. மக்கள் கொதித்தனர். கஞ்சி அத்தியாவசியமானதே எனச் சனாதிபதியின் பேச்சாளர் அறிவிக்க நேர்ந்தது.

இரு வாரம் சென்றது. மகின்ஹாவாவிற் கடைகள் ஒடுங்கிக் கிடந்தன, வண்டியோட்டிகளுக்குப் பிழைப்பில்லை. ஏப்ரல் 14ஆந் திகதி, அனா பற்றீசியா நொன் என்னும் 26 வயது நங்கை இவ்வீதியோரத்தில் ஒரு மூங்கில் வண்டியை நிறுத்தி, அரிசியும் காய்கறியும் வைத்தார். இயன்றதைக் கொடு, வேண்டியதை எடு என்னும் கருத்தை அட்டையில் எழுதி மாட்டினார். பெயர் கேட்பாரில்லை, சான்று கேட்பாரில்லை. தார்லாக் மாகாணத்து உழவர் வற்றாளைக் கிழங்கை மூட்டையாக அனுப்பினர். சில நாட்களுள் நாடு முழுவதும் அத்தகைய வண்டிகள் நூற்றுக்கணக்கில் எழுந்தன. இதில் அரசியல் ஐயம் கொண்டோரும் இருந்தனர். அதனால் ஏப்ரல் 20ஆந் திகதி அந்நங்கை தம் வண்டியை நிறுத்திவைத்தார்; மறுநாளே மீண்டும் திறந்தார்.

ஒரு மூங்கில் வண்டி நாட்டின் வறுமையைத் தீர்த்துவிடாது. பசிப்பிணி நீக்குவது அரசின் கடன். தருமம் அக்கடனைத் தள்ளுபடி செய்யமாட்டாது. ஆயினும், உண்பவர் ஒவ்வொருவரும் வாயாற் சொல்லிவந்த 'வாருங்கள், உண்போம்' என்பதற்கு அந்நாட்களிற் சோதனை வந்தது. அழைத்தவர்கள் தம் சொல்லைக் காத்தனர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எமது நாட்டிலும் சமூகச் சமையலறைகள் எழுந்ததை மாணவர் நினைவுகூரலாம். வீட்டுக்கு வந்தவரை "சாப்பிட்டீர்களா?" என்று நாமும் வினவுகின்றோம். அவ்வினாவை விடையின் பொருட்டுக் கேட்கின்றோமா, வழக்கத்தின் பொருட்டுக் கேட்கின்றோமா என்பதே எண்ணிப் பார்க்கத்தக்கது.

இரவு ஒன்பதாயிற்று. கஞ்சிக்குக் காசு கொடுத்து எழுந்தபோது, கதவருகே நின்ற ஒரு சிறுவனைக் கடைக்கார அம்மையார் உள்ளே அழைத்துக் கிண்ணமொன்றை நீட்டினார். அவன் சில்லறையை எண்ணத் தொடங்கினான். அம்மையார் அதனைப் பாராமலே அடுத்த கிண்ணத்துக்குக் கஞ்சி வார்த்துக்கொண்டிருந்தார்.