எரிஞ்சாதான் கிருமி சாகுமா?

புனேயில் நம்ம ஊர்க்காரங்க எங்கே கூடினாலும், நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்னு தெரிஞ்சதும் யாராவது இதைக் கேட்டுடுவாங்க: "டெட்டாலை அப்படியே ஊத்தினா பயங்கரமா எரியுது. எரிஞ்சாதானே கிருமி சாகும்?"

எரியறது உங்க சதைங்க. எரிச்சலை வெச்சு மருந்தோட வேலையை அளக்க முடியாது. கிருமியைக் கொல்றது மட்டும்தான் கணக்குன்னா தரைக்கு ஊத்தற பினாயிலே போதுமே! உயிருள்ள உடம்பு தாங்கணும், கிருமியும் பெருகக் கூடாது. இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்கிற மருந்துக்குத்தான் ஆன்டிசெப்டிக்னு பேரு. செப்சிஸ்னா கிரேக்க மொழியில அழுகல்.

1865ல கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர்னு ஒரு சர்ஜன். வண்டிச்சக்கரம் ஏறி, எலும்பு முறிஞ்சு, தோலும் கிழிஞ்சு வந்த 11 வயசுப் பையனுக்கு கார்பாலிக் அமிலத்தில் நனைச்ச துணியால கட்டு போட்டார். அந்தக் காலத்துல இப்படி முறிஞ்சா பெரும்பாலும் காலையே எடுத்துடுவாங்க. பையனுக்கு சீழ் வைக்கலை, ஆறு வாரத்துல எலும்பு கூடிடுச்சு. ஆனா அமிலம் தோலை அரிச்சதால, லிஸ்டரே பிறகு அதை நீர்க்க வெச்சுத்தான் போட்டார். டெட்டால் பாட்டில்லயும் தண்ணி கலக்கச் சொல்லித்தான் எழுதியிருக்கு, யார் படிக்கிறோம்?

தியேட்டரில் வெட்டப்போற இடத்துல போவிடோன் அயோடினோ, ஸ்பிரிட் கலந்த குளோர்ஹெக்ஸிடினோ தடவுவோம். தடவினா போதாது, காயணும். மருந்து வேலை செய்ய நேரம் வேணும். ஸ்பிரிட் கலந்ததுன்னா இன்னொரு ஆபத்தும் உண்டு, ஈரத்தோட காட்டரி வெச்சா தீப்பிடிக்கும். அவசரப்படற டாக்டர்கிட்ட "தீன் மினிட், சர்"னு என் ஓட்டை இந்தியில் நிறுத்தி நிறுத்தியே கெட்ட பேர் வாங்கியிருக்கேன் :-)

வீட்டுக் காயத்துக்கும் நேரம்தான் கணக்கு. போன மாசம் எங்க பில்டிங்கில் ஒரு பையனை தெருநாய் கெண்டைக்கால்ல கடிச்சுடுச்சு. தூத்துக்குடியிலேர்ந்து வந்திருந்த அவன் ஆச்சி காப்பித்தூளை அப்பி வெச்சிருந்தாங்க. நான் பையனைக் குழாயடிக்கு இழுத்துட்டுப் போனேன். "பச்சைப் புண்ணுல தண்ணி பட்டா சீழ் வைக்கும்லா?"ன்னு ஆச்சிக்குக் கோபம். "வைக்காது ஆச்சி, இந்த வாட்சைப் பிடிங்க, 15 நிமிஷம் ஆனதும் சொல்லுங்க"ன்னேன்.

வெறிநாய்க்கடி வைரஸைச் சுத்தி ஒரு கொழுப்பு உறை இருக்கு. சோப்பு அதை உடைச்சுடும், ஓடற தண்ணி மிச்சத்தை அடிச்சுட்டுப் போயிடும். நோய் வெளியே தெரிஞ்சப்புறம் காப்பாத்தறது கிட்டத்தட்ட முடியாத காரியம். அதனால அந்த 15 நிமிஷத்துல ஒரு நிமிஷம்கூட விடறதா இல்லை. பையன் அலறினான், ஆச்சி நாலு நிமிஷத்துலயே "போதும்ளா"ன்னாங்க. விடலை. அப்புறம்தான் போவிடோன் அயோடின்.

கழுவிட்டா ஊசி வேணாம்னு நினைச்சுடாதீங்க. ரத்தம் வந்த கடின்னா தடுப்பூசியோட, காயத்துக்குள்ளயும் சுத்தியும் போடற இம்யூனோகுளோபுலினும் வேணும். நாங்க முதல்ல போன ஆஸ்பத்திரியில அது ஸ்டாக் இல்லை, வேற இடத்துக்கு ஓடினோம். ஒருத்தர் கழுவிட்டு இருக்கும்போதே இன்னொருத்தர் போன் போட்டு, அந்த ஊசி இருக்கான்னு கேட்டுடுங்க.