சின்ன வண்டியும் அப்பாவின் கையும்

நானூறு மீட்டர் நேர்ப்பாதையில் இரண்டு வண்டிகள் சீறிப் பாயும் பந்தயத்தை அமெரிக்காவில் 'டிராக்' பந்தயம் என்பார்கள். அதில் 1970ஆம் ஆண்டு வாக்கில் ஓடிய வண்டி ஒன்றை, 25இல் ஒரு பங்கு அளவில், பிளாஸ்டிக்கில் செய்யத் தொடங்கினான் என் மகன்.

அந்தக் கால வண்டியில் இயந்திரம் முன்னே இருக்கும். ஓட்டுநரோ கடைசியில், கியர்ப்பெட்டியைக் கால்மாட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 1970 மார்ச்சில் டான் கார்லிட்ஸ் என்ற வீரரின் கியர்ப்பெட்டி வெடித்து, வலது பாதத்தில் ஒரு பகுதி போய்விட்டது. அவர் மனம் தளரவில்லை. இயந்திரத்தைத் தம் முதுகுக்குப் பின்னால் வைத்து வேறு வண்டி கட்டி, 1971இல் வென்று காட்டினார். பிறகு மற்றவர்களும் அந்த வழிக்கே வந்தார்கள்.

எட்டுச் சிலிண்டருக்கும் நூல் போன்ற கம்பி மாட்ட வேண்டும். மகனுக்குக் கை நிற்கவில்லை. போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் சீவிய என் அப்பா, "இங்க கொடுய்யா" என்று வாங்கினார். மரத்துக்குக் காயம் படாமல் மெல்லிய பட்டை எடுத்த கை அல்லவா! எட்டும் பிசகாமல் உட்கார்ந்தன.

"இந்த வண்டிக்கு ஓடுபாதை 16 மீட்டர் தாத்தா" என்றான் மகன்.

"நம்ம லயத்துல நாலு வீட்டு நீளம்" என்றார் அப்பா.

அந்த லயம் இன்று இல்லை. தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. எங்களிடம் ஒரு படம்கூட இல்லை. அளவு தெரிந்தவர் அப்பா ஒருவரே. அவருக்கு வயது எண்பத்திரண்டு. மகன் இப்போது லயத்தைச் செய்கிறான். வாசல், அடுப்படி, தண்ணீர்க்குழாய் என்று அப்பா சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்கிறான்.

உங்கள் வீட்டுப் பெரியவரிடமும் கேட்டு எழுதி வையுங்கள், நேயர்களே.