படலைக்குள் ஒரு படலை

ஓய்வுபெற்ற அந்த ஆசிரியர் வடமராட்சியிலிருந்து ரொறன்ரோவிலுள்ள மகளிடம் சென்றது 2022 ஆம் ஆண்டில். எழுபது வயதைக் கடந்தபின் அவருக்குப் புதியதோர் உத்தியோகம் கிடைத்தது. மகளும் மருமகனும் வேலைக்கும் பேத்தி பாடசாலைக்கும் போனபின், வீட்டிலுள்ள அல்சேஷன் நாயை வெளியே கூட்டிச் செல்வதே அது. நாயின் பெயர் வீமன். நிறை 38 கிலோ.

ஊரிலும் அவர் நாய் வளர்த்தவர்தான். ஆயினும் அங்கே நாய் வளர்ப்பதென்பது வேறு. பகலிற் கட்டிவைத்து இரவில் அவிழ்த்துவிட்டால், அது வளவைச் சுற்றிவந்து குரைத்துத் தன் கடமையைச் செய்துகொள்ளும். மிஞ்சிய சோறு அதன் சம்பளம். வைரவர் கோயிலில் நாயை வாகனமாகக் கும்பிட்டுவிட்டு, திரும்பும் வழியில் ஒழுங்கையில் நிற்கும் நாய்க்குக் கல்லெறிவதில் எவருக்கும் முரண்பாடு தோன்றுவதில்லை. எனவே, நாய்கள் விளையாடுவதற்கென்றே நகரசபை நிலம் ஒதுக்கி வேலியடைத்திருக்கிறது என்று கேள்வியுற்றபோது அவர் சிரித்தார்.

அத்தகைய பூங்காக்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. கலிபோர்னியாவின் பேர்க்லி நகரில் 1979 இல் திறக்கப்பட்ட ஓலோனி நாய்ப் பூங்காவே அமெரிக்காவில் முதலாவது எனப் பலரும் குறிப்பிடுவர். தெருவெங்கும் வாகனம் ஓட, நாயைக் கயிறின்றிக் கொண்டுசெல்வதும் தடைசெய்யப்பட்டிருக்கும் நகரில், ஒரு நாய் தன் கால்களின் முழு வேகத்தையும் அறிய வேறிடம் இல்லை. எங்கள் ஊரில் வேலி அந்நியரைத் தடுப்பதற்கு அடைக்கப்படுவது. அங்கே அவிழ்த்துவிடுவதற்காக அடைக்கப்படுகிறது.

அவ்வாண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு மாலை, எல்லோரும் வேலை முடிந்து வரும் நேரத்தில், அவர் வீமனுடன் பூங்காவிற்குப் போனார். படலை திறந்ததும் ஏழெட்டு நாய்கள் ஓடிவந்து மொய்த்தன. அஞ்சிய அவர் கயிற்றை இறுக்கினார். வீமன் உறுமியது. பதறிப்போய்க் கயிற்றைக் கழற்றினார். அது பாய்ந்தோடியது. பெரிய நாய்களின் பகுதிக்குள் எவரோ கொண்டுவந்திருந்த சிறு வெள்ளை நாயொன்று வெருண்டு ஓட, வீமன் அதனைத் துரத்தி முன்னங்காலால் உருட்டிவிட்டது. பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது என்பார்களே, அப்படித்தான். வேறு நாய்களும் சூழ்ந்துகொண்டன. ஆசிரியர் ஓடிச்சென்று நடுவே கையை விட்டார். எந்த நாயின் பல் பட்டதென்று எவருக்கும் தெரியவில்லை. கையில் நான்கு தையல். அந்தச் சிறு நாய்க்குக் காலில் ஊனம்.

"வீமனை ஆருக்கும் குடுத்துவிடுவம், மாமா" என்றார் மருமகன். அவருடைய அச்சம் நியாயமானது. ஒன்ராறியோ மாகாணச் சட்டப்படி, நாய் கடித்தால் அதனால் வரும் நட்டத்திற்கு உரிமையாளரே பொறுப்பாளி. அவரிடம் கவனயீனம் இருந்ததா என்பதுகூடக் கேள்வியன்று. நாயைக் கொல்லுமாறு நீதிமன்றம் கட்டளையிடவுங்கூடும். பேத்தி அன்றிரவு சாப்பிடவில்லை. ஆசிரியர் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்: "பிழை நாயிலை இல்லை, தம்பி. வகுப்பை அறியாமல் வகுப்புக்குள்ளை போன வாத்தியாரிலைதான்."

அதன்பின் அவர் மாணவரானார். நாய்களைப் பழக்கும் பெண்மணி ஒருவரிடம் மூன்று மாதங்கள் கற்றார். கூப்பிட்டவுடன் வரப் பழகாத நாயை அவிழ்த்துவிடலாகாது என்பது முதற் பாடம். கூப்பிடும்போதெல்லாம் வீடு திரும்புவதாயின் நாய் வரமாட்டாது. ஆகையால் இடையிடையே கூப்பிட்டுத் தடவிக்கொடுத்து மீண்டும் ஓடவிட வேண்டும். பூங்காவிற்குப் போகுமுன் நன்றாக நடத்திச் சென்றால் அதன் துடிப்பு அடங்கும். வாலாட்டும் நாயெல்லாம் நட்புக் கொண்டதன்று. முன்னுடலைத் தாழ்த்திப் பின்னுடலை உயர்த்தினால் விளையாட அழைக்கிறது. உடல் விறைத்து, வாய் மூடி, பார்வை ஒரே இடத்தில் நிலைத்தால் அக்கணமே அழைத்துக்கொள்ள வேண்டும். சண்டை மூண்டுவிட்டாலோ வாய்ப்பக்கம் கையைக் கொண்டுபோகலாகாது. உரியவர்கள் ஒரே வேளையில் தத்தம் நாயின் பின்னங்கால்களைப் பற்றிப் பின்னோக்கி இழுக்க வேண்டும்.

இரண்டு படலைகள் ஏன் என்பதும் அப்போதுதான் அவருக்கு விளங்கியது. வெளிப்படலையைச் சாத்திய பின்னரே உட்படலையைத் திறக்க வேண்டும். நாயொன்று தெருவிற்குத் தப்பியோடாது. இரண்டிற்கும் இடையில் நின்றே கயிற்றைக் கழற்ற வேண்டும். மற்றவை கட்டின்றித் திரிகையில் தான் மட்டும் கட்டுண்டு நிற்கும் நாய், தப்பியோட வழியில்லையென்று உணர்ந்து பல்லைக் காட்டும். அன்று வீமன் உறுமியது அதன் கொடுமையால் அன்று. அவர் கைப்பிடியின் இறுக்கத்தால்.

முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவருக்கு இது முற்றிலும் புதிய பாடமன்று. பின்வாங்கில் இருக்கும் பெரிய பையன் கெட்டவனல்லன். தன் பலம் எவ்வளவு என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்த ஒருவர் அருகில் நிற்க வேண்டும். பெரியதை வைத்திருப்பவருக்கே பெரிய பொறுப்பு. "என் நாய் ஒன்றும் செய்யாது" என்று கூறுபவர் தம் நாயை மட்டுமே அறிவார். எதிரில் வரும் நாயின் அச்சத்தை அறியார்.

வீமன் இன்றும் அவ்வீட்டில்தான் இருக்கிறது. ஆசிரியர் காலையில், பூங்கா வெறுமையாயிருக்கும் வேளையிலேயே அதனைக் கொண்டுபோகிறார். அந்த வெள்ளை நாய் சற்று நொண்டியபடி வேலிக்கு அப்பாற் செல்வதைச் சில நாட்களிற் காண்பதுண்டு. அப்போது அவர் வீமனை மெல்ல அழைத்துத் தம் காலடியில் இருத்திக்கொள்கிறார். அது கடந்து போகும்வரை இருவரும் அசைவதில்லை. பின்னர் எழுந்து, ஊரில் இரவுதோறும் செய்ததுபோல், படலைக் கொழுக்கியை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொள்கிறார்.