கைப்பிடி அரிசி

திருச்சபைகளின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோபுரத்திலிருந்து தொடங்குகிறார்கள். எந்த அத்தியட்சர் எந்த ஆண்டில் வந்தார், மணிக்கூண்டு எத்தனை அடி உயரம், அஸ்திவாரக் கல்லை நாட்டிய துரை யார் என்று பக்கம் பக்கமாக விவரிக்கிறார்கள். அதிலே நமக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு சபையின் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதைவிட அடுப்பங்கரையை எட்டிப் பார்ப்பதே உத்தமம் என்போம். அங்கே உலைப்பானைக்குப் பக்கத்தில் சிறியதாக ஒரு கலயம் இருக்கும். அரிசி களைவதற்கு முன்னால் வீட்டு அம்மாள் ஒரு கைப்பிடி எடுத்து அதிலே போடுவாள். அது கோவிலுக்கு உரிய பங்கு.

இந்த வழக்கம் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல. காஞ்சி சங்கராசாரிய சுவாமிகள் ஏற்படுத்திய பிடி அரிசித் திட்டத்தை நேயர்கள் அறிவார்கள். தமிழ்நாட்டுத் தாய்மாரின் கை எந்தத் தெய்வத்தை நினைத்து அரிசிப் பானைக்குள் போனாலும், வெளியே வருகிற அளவு ஒன்றுதான்.

நாம் பிறந்து வளர்ந்தது திருநெல்வேலிச் சீமையில், செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த ஒரு சிற்றூரில். உத்தியோக நிமித்தமாக வந்து சேர்ந்தது திருத்தணிகை மலையை அடுத்த கே.ஜி.கண்டிகையில். தெற்கே ஒரு மூலையிலிருந்து வடக்கே ஆந்திர எல்லைக்கு வந்தபோது நம்மோடு வந்த சொத்துக்கள் மூன்று: ஒரு பட்டப் படிப்பு, ஒரு பழைய ஜெபப் புத்தகம், பாட்டியாருடைய அரிசிக் கலயம். இவற்றுள் முதலாவது சம்பளம் வாங்கித் தருகிறது. மற்ற இரண்டையும் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

திருநெல்வேலிச் சபைகளில் "சேகரம்" என்று ஒரு சொல் உண்டு. இங்கிலாந்து திருச்சபையார், அதாவது ஆங்கிலிக்கன் சபையார், தங்கள் நாட்டில் ஒரு குருவானவரின் பொறுப்பில் ஓர் எல்லையை ஒப்படைப்பார்கள். அந்த எல்லைக்குள் குடியிருக்கிறவன் கோவிலுக்கு வந்தாலும் வராவிட்டாலும் அவருடைய கவலைக்கு உட்பட்டவன். அந்த ஏற்பாடு நம் நாட்டுக்கு வந்தபோது, பக்கத்துப் பக்கத்து ஊர்ச் சபைகள் பலவற்றைச் சேர்த்து ஒரு சேகரமாக்கி, அதற்கு ஒரு குருவானவரை வைத்தார்கள். ஒவ்வோர் ஊருக்கும் ஓர் உபதேசியார் இருந்தார். அவரே பெரும்பாலும் பள்ளிக்கூட வாத்தியாரும் ஆவார். பகலிலே அரிச்சுவடி, அந்தி வேளையில் ஜெபம், நடுவிலே வீட்டுச் சண்டைகளுக்குப் பஞ்சாயத்து. இன்றைய உபாத்தியாயர்கள் வேலைப் பளுவைப் பற்றிக் குறைப்படும்போதெல்லாம் நமக்கு அந்த உபதேசியார்களின் ஞாபகம் வருகிறது.

குருவானவரைத் தென்பாண்டிச் சீமையில் "ஐயர்" என்றே அழைப்பார்கள். போப் ஐயர், கால்டுவெல் ஐயர் என்று புத்தகங்களில் படித்திருப்பீர்கள். கே.ஜி.கண்டிகைக்கு வந்த புதிதில், "எங்கள் ஐயருக்கு ஆட்டுக்கறி என்றால் மிகவும் பிரியம்" என்று நாம் சொல்லப் போக, சக ஆசிரியர் ஒருவர் அன்று முழுவதும் நம்மிடம் பேசவில்லை. விஷயத்தை விளக்கிச் சமாதானம் செய்ய மறுநாள் வரை ஆயிற்று.

அந்தச் சபைகளின் தொடக்கம் பெரிய ஆடம்பரமானதல்ல. கணவனை இழந்த ஒரு பிராமண ஸ்திரீ 1778-இல் ஞானஸ்நானம் பெற்று, குளோரிந்தாள் என்ற பெயரோடு பாளையங்கோட்டையில் இருந்தார். 1780-இல் அங்கே எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள். பல சாதியாரும் கலந்த அந்த ஜாபிதாவில் முதல் பெயர் அந்த அம்மையாருடையது. அவருடைய முயற்சியால் 1785-இல் ஒரு சிறு கோவில் எழுந்தது. 1799-இல் முதலூர் என்ற கிறிஸ்தவக் கிராமம் உண்டாயிற்று. ரேனியுஸ் ஐயர் 1820-இல் வந்தார். ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட ஏழைகளுக்கு நிலம் வாங்கிக் குடியேற்ற 1830-இல் தர்ம சங்கத்தை ஏற்படுத்தினார். இடையன்குடிக்கு 1841-இல் வந்த கால்டுவெல் ஐயர் அங்கே கட்டத் தொடங்கிய கோவில் முடிவதற்கு 33 ஆண்டுகள் பிடித்தன. 1880-இல் அது பிரதிஷ்டையாயிற்று. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் உலகுக்கு அளித்த அந்தப் பண்டிதர், கொத்தர்களோடும் தச்சர்களோடும் வெயிலில் நின்ற நாட்களே அதிகம் இருக்கும். அவருடைய மனைவியார் எலிசா அம்மையார் ஊர்ப் பெண்களுக்குப் பின்னல் லேஸ் வேலை கற்பித்து, அவர்கள் கையில் நாலு காசு புழங்கும்படி செய்தார்.

ஆனாலும், சீமையிலிருந்து வரும் பணம் ஒரு நாள் நின்றுவிடும் என்று நம் பாட்டன் பாட்டிமாருக்குத் தெரிந்திருந்தது. பனையேறுகிறவன் கருப்பட்டியைக் கொண்டு வந்தான். கோழி வளர்ப்பவள் முதல் முட்டையைக் கொண்டு வந்தாள். ஒன்றும் இல்லாதவள் கைப்பிடி அரிசியைக் கொண்டு வந்தாள். சபைகள் சொந்தக் காலில் நின்றது அப்படித்தான். சுயராஜ்யம் என்ற வார்த்தை நாட்டில் பிரபலமாவதற்கு முன்னாலேயே அதை அரிசிக் கலயத்தில் அப்பியாசம் செய்தவர்கள் அந்தப் பெண்கள்.

இனி ஆராதனை விஷயம். ஆங்கிலிக்கன் வழிபாட்டை முதல் முறை பார்க்கிறவர்களுக்கு அது சற்று வறட்சியாகத் தோன்றக்கூடும். எல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே நடக்கும். இன்ன இடத்தில் எழுந்திருக்க வேண்டும், இன்ன இடத்தில் முழங்கால் படியிட வேண்டும், இன்ன இடத்தில் ஆமென் சொல்ல வேண்டும். ஆனால் அதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. துக்கத்தினால் நா எழாத நாளில் சொந்தமாக ஜெபம் செய்ய யாரால் முடியும்? தகப்பனாரை அடக்கம் செய்த மறு ஞாயிற்றுக்கிழமை நாம் கோவிலில் நின்றபோது, சொல்ல வேண்டிய வார்த்தைகள் ஏற்கெனவே அச்சிட்டுக் கையில் இருந்தன. சபையார் சொல்ல, நாமும் உதட்டை அசைத்தோம். அன்றைக்கு அதுவே போதுமாயிருந்தது.

வறட்சியைப் போக்கக் கீர்த்தனை இருக்கிறது. சீமை ராகத்தில் பாமாலை பாடும்போது சற்று விறைப்பாக நிற்கும் சபை, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பரம்பரையில் வந்த கீர்த்தனையைத் தொடங்கியதும் தலையை ஆட்டத் தொடங்கிவிடும். மிருதங்கமோ, கஞ்சிராவோ, வெறும் கைத்தாளமோ சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் அந்தச் சாஸ்திரியார் விஷயத்தில் ஒரு கசப்பும் இருக்கிறது. 1833-இல் டேனியல் வில்சன் அத்தியட்சர், சபைக்குள்ளே சாதி வித்தியாசம் அடியோடு ஒழிய வேண்டும் என்று கட்டளை அனுப்பினார். நற்கருணைக்கு வருகிறவர்கள் முன் பின் பாராமல் ஒரே பாத்திரத்தில் பானம் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். எதிர்ப்புக்கு முன் நின்றவர்களில் சாஸ்திரியாரும் ஒருவர். அவ்வளவு இனிமையாகப் பாடியவருக்கும் ஒரு பாத்திரம் பெரிய தடைக்கல்லாக இருந்தது. இன்றும் நம் நாட்டில் சில இடங்களில் கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டங்கள் சாதி பார்த்துப் பிரிந்து கிடக்கின்றன என்பதை மறைப்பதில் பயன் இல்லை.

இந்த நோய்க்கு மருந்து தேடியவர்களும் உண்டு. வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வே. ச. அசரியா 1912-இல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். சீமை நாட்டுப் பிரிவினைகளை இந்தியர்கள் ஏன் சுமக்க வேண்டும் என்ற கேள்வியை 1919-இல் தரங்கம்பாடியில் கூடியவர்கள் எழுப்பினார்கள். அசரியா அந்த முயற்சியில் முன் நின்றார். பலன் கிட்டுவதற்கு 28 ஆண்டுகள் ஆயின. பாரதம் சுதந்திரம் பெற்ற 43 நாட்களுக்குப் பின், 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் தேதி, சென்னை செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் ஆங்கிலிக்கரும், மெதடிஸ்டுகளும், ஏற்கெனவே ஒன்றாகியிருந்த தென்னிந்திய ஐக்கிய சபையாரும் கலந்து தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. அதைக் காண அசரியா இல்லை, 1945-இல் காலமாகிவிட்டார்.

புதிய சபை 1950-இல் வகுத்துக்கொண்ட நற்கருணை முறையில் ஒரு சிறு சடங்கு உண்டு. குருவானவரின் கையிலிருந்து புறப்படும் சமாதானம், ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு வரிசை வரிசையாகக் கடைசி ஆள் வரை போகும். மலையாள நாட்டுச் சிரியன் சபையாரிடமிருந்து எடுத்துக்கொண்ட வழக்கம் அது. தீண்டுவதும் தீண்டாமையும் தலைமுறை தலைமுறையாகத் தலைவிதியாக இருந்த தேசத்தில், பக்கத்தில் நிற்பவன் கையைப் பற்றாமல் ஆராதனை நடவாது என்று வைத்தது எவ்வளவு விவேகமான காரியம்!

நாம் வந்து சேர்ந்த இந்தத் திருத்தணிப் பக்கம் ஆங்கிலிக்கன் சீமை அல்ல. மேற்கே வேலூர் ராணிப்பேட்டை வட்டாரத்தில் அமெரிக்க ஆற்காடு மிஷன். வடக்கே காளஹஸ்தி, திருப்பதிப் பக்கம் ஜெர்மனி தேசத்து ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன். 1888-இல் திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் திருப்பதியில் லுத்தரன் பள்ளியிலும், வேலூரில் ஆற்காடு மிஷனாரின் ஊரிஸ் கல்லூரியிலும், சென்னையில் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். தம் ஆசிரியர்கள் ஹிந்து தர்மத்தைக் குறை கூறுவதைக் கேட்டு, அதற்குப் பதிலாகவே வேதாந்தத்தின் ஒழுக்க நெறியைப் பற்றி 1908-இல் ஆராய்ச்சி எழுதினார். அந்த ஆசிரியர்களில் ஒருவரான ஹாக் அதைப் பாராட்டவும் செய்தார். மாணவனிடமிருந்து மறுப்பு வந்தால் மகிழ வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நாம் வகுப்பில் சொல்வதற்கு அகப்படவில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு மலை முழுவதும் புஷ்பக் காவடியாக இருக்கும் இந்த வட்டாரத்தில், நாம் போகும் சபை மிகச் சிறியது. பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். சர்க்கார் உத்தியோகஸ்தர் சிலர், நெசவாளிகள் சிலர், கரும்பு வெட்டவும் வேர்க்கடலை பிடுங்கவும் போகும் கூலிக் குடும்பங்கள் பல. ஆண்டுக்கு ஒரு முறை அறுப்பின் பண்டிகை. தெற்கே இருப்பதைப் போலவே இங்கும் ஏலம் உண்டு: ஒரு பூசணிக்காயை ஒருவர் கடை விலையைப் போல் ஐந்து மடங்குக்கு எடுத்து, திரும்பவும் ஏலத்துக்கே கொடுத்துவிடுவார். பிறகு சாப்பாடு. நம் ஊரில் அதற்கு அசனம் என்று பெயர். ஆண்டு முழுவதும் சேர்ந்த கைப்பிடி அரிசி அன்றைக்கு அண்டாவில் வேகும். எல்லாரும் தரையில் ஒரே பந்தியாக உட்காருவார்கள்.

சென்ற ஆண்டு பண்டிகைக்கு முன்னால் சபைக் கூட்டத்தில் இரண்டு யோசனைகள் வந்தன. அரிசி வேண்டாம், அதற்குப் பதிலாக உறையில் பணம் போட்டுக் கொடுக்கலாம் என்பது ஒன்று. பந்தி வேண்டாம், சமையல் காண்டிராக்டரிடம் சொல்லி ஆளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்துவிடலாம் என்பது மற்றொன்று. காரணங்கள் நியாயமாகவே இருந்தன. பல வீட்டு அரிசி கலந்தால் ஒன்று குழையும், ஒன்று வேகாது. இலை எடுக்க ஆள் இல்லை. நேரம் ஆகிறது. இவற்றுக்கெல்லாம் பின்னால் இன்னொரு காரணமும் இருந்தது. அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதே அது.

நாம் பேசுவதற்கு எழுந்தோம். பாத்திரத்தைப் பற்றியும் 1833-ஐப் பற்றியும் சொல்ல உத்தேசம். அதற்குள் பின் வரிசையிலிருந்து ஓர் ஆயா எழுந்தாள். காலனியில் தனியாக இருப்பவள்; கூலி வேலை செய்து பிழைப்பவள்.

"பழைய அரிசியை முன்னாலே ஊற வெச்சு, புது அரிசியை அப்புறமாப் போட்டா எல்லாம் ஒண்ணா வெந்துடும் சார். நானே வந்து பாத்துக்கறேன். ஆனா காசு வேணாம். காசு குடுத்தா, இன்னார் ஆயிரம், இன்னார் பத்துன்னு எழுதிப் படிப்பீங்க. அரிசியிலே யார் பேரும் இல்லே. பொட்டலம் வாங்கிக்கிட்டுப் போறதுக்கு நான் கடைக்கே போவேனே!"

நாம் சொல்ல வைத்திருந்த சரித்திரமெல்லாம் அதற்குப் பின் அநாவசியமாகிவிட்டது. "ஆயா சொல்வதே சரி" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தோம். யோசனைகளை ஓர் ஆண்டு ஒத்திவைப்பதென்று தீர்மானமாயிற்று.

பண்டிகையன்று ஆயா விடியற்காலையிலேயே வந்துவிட்டாள். சோறு பதமாக வெந்தது. பந்தியும் நடந்தது. இரண்டு குடும்பத்தார் ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மூன்றாவது குடும்பத்திலிருந்து ஒரு தூக்கு வந்தது. அதையும் நிரப்பி அனுப்பினார்கள்.

ஒத்திவைத்த யோசனைகள் இந்த ஆண்டும் கூட்டத்துக்கு வரும். முடிவு எப்படி ஆகும் என்று சொல்ல முடியாது. பொட்டலத்தில் மிச்சமாகும் நேரம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்ட ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். பந்தியில் கிடைக்கும் லாபத்தைக் கணக்கில் காட்ட நமக்குத் தெரியவில்லை. நேயர்கள் தங்கள் ஊர்க் கோவில் அன்னதானத்திலும், கலியாண வீட்டிலும் இதே யோசனை எழும்போது, எந்தக் காரணம் வாய்விட்டுச் சொல்லப்படவில்லை என்பதைச் சற்றுக் கவனித்துப் பார்க்க வேண்டுகிறோம். நம் வீட்டுக் கலயம் இந்த ஆண்டும் முக்கால் வாசி நிறைந்திருக்கிறது.